டோனி பென்னட் சமரசம் செய்யாதவரா?

வணக்கம் சார்,

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியைப் படித்துவிட்டு அவர் பாடல்களைத் தேடிக் கேட்டேன். ராக் அலையில் அவர் தலைமுறைப் பாடகர்கள் பலர் ஒதுங்கிப்போக, இவர் தொண்ணூறு வயது தாண்டியும் மேடையேறியிருக்கிறார். கடைசிவரை சமரசம் செய்யாததுதான் காரணமா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. சமரசம் செய்தார், அது எடுபடவில்லை.

1962இல் 'ஐ லெஃப்ட் மை ஹார்ட் இன் சான் பிரான்சிஸ்கோ' பாட்டால் உச்சத்துக்குப் போனவரை, சில ஆண்டுகளிலேயே 'இன்றைய ஹிட்களைப் பாடுங்கள்' என்று கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி நெருக்கியது. 1970இல் அப்படி ஓர் ஆல்பம் வந்தது. பதிவுக்கு முன்னால் வாந்தியே எடுத்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதில் பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'யைக் கேளுங்கள். நாடக வசனம் மாதிரி பேசிக்கொண்டே போவார். பாட்டில் குறையில்லை. தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று, சொல்லை இழுத்துப் பிடித்து, நினைத்த இடத்தில் விடுவதுதான் இவர் வித்தை. அதற்கு அங்கே இடமில்லை.

அப்புறம் கொலம்பியாவை விட்டு வெளியேறி, சொந்தக் கம்பெனி தொடங்கி, அதுவும் படுத்தது. வரிப் பாக்கி, கோகெய்ன். 1979இல் அளவு மீறிப்போய் உயிர் பிழைத்ததே பெரிது.

மகன் டேனியைக் கூப்பிட்டார். அந்தப் பையன் அப்பாவின் பாட்டில் கைவைக்கவில்லை, கேட்கிற ஆட்களை மாற்றினார். கல்லூரிப் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிகளிலெல்லாம் அப்பாவை உட்காரவைத்தார். 1994இல், இளைஞர்கள் பார்க்கும் எம்டிவி இசைச் சேனலின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் அதே கோட்டு சூட்டு, நெடுநாள் பக்கவாத்தியக்காரர் ரால்ஃப் ஷேரனின் அதே பியானோ, அதே பழைய பாடல்கள். அதற்கு அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருது! ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அப்பா காலத்துப் பாட்டு, அதனால் ஒதுக்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கோ தாத்தா காலத்துப் பாட்டு. தாத்தாவோடு யாருக்கு என்ன சண்டை?

ஆக, பிடிவாதம் மட்டும் போதவில்லை. சாமர்த்தியமான மகனும், அத்தனை ஆண்டு தாங்கிய தொண்டையும் வேண்டியிருந்தன. 2021இல், அல்சைமர் நோயோடு, 95 வயதில் பாப் பாடகி லேடி காகாவுடன் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் பாடினார்.

புதிதாகக் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸுடன் செய்த 1975 ஆல்பத்தில் தொடங்குங்கள். ஒரு குரல், ஒரு பியானோ, வேறு எதுவும் கிடையாது. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த பதிவு, ஆள் சரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் வந்ததுதான்.