பொது இடத்தில் காய்கறி, பழத்தோட்டம் போட நிதி உதவி கேட்கும்போது எதற்கெல்லாம் பணம் கேட்கலாம்?

அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்து, சும்மா கிடக்கும் ஒரு பொது இடத்தில் காய்கறியும் பழமரமும் வளர்க்கப் போகிறீர்கள், அதற்கு நிதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், செலவுப் பட்டியலில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களை நான் எழுதியும் கொடுத்திருக்கிறேன், வந்தவற்றைப் படித்து மதிப்பெண் போடும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: செடிக்குக் கேட்பதை விடத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் இரண்டாம் வருடத்துக்கும் கேளுங்கள்.

விதையும் நாற்றும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். யாராவது வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள், நாற்றங்காலில் இலவசமாகவே கொடுப்பார்கள், தொடக்க நாளில் நடுவதற்குக் கூட்டமும் வரும். அடுத்த கோடையில்தான் எல்லாம் தெரியும். நல்ல வெயில் காலத்தில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 100 சதுர மீட்டர் பாத்தி என்றால் தினமும் 500 லிட்டர். படிவத்தில் '1,000 லிட்டர் தொட்டி, ஒன்று' என்று எழுதியிருப்பார்கள், அது இரண்டே நாளில் காலி. 'கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்போம்' என்றும் எழுதியிருப்பார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சொட்டு விடாமல் பிடித்தாலும் 500 லிட்டர்தான், அதாவது ஒரு நாள் பாடு. மழை இல்லாத வாரங்களில் எங்கிருந்து குழாய் இழுப்பீர்கள், யார் அனுமதி தருவார்கள், அந்தக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று ஒரு பத்தி எழுதிவிட்டீர்கள் என்றால் படிக்கிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும். சொட்டுநீர்க் குழாய், மூடாக்கு (ஈரம் காயாமல் மண்மேல் பரப்பும் வைக்கோல், சருகு) இரண்டையும் பட்டியலில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் அப்படித்தான். தரை சரியில்லை, பலகை அடித்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பாத்தி போடுகிறோம் என்று பலரும் சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். 100 சதுர மீட்டருக்கு அது 30 கன மீட்டர் மண், லாரி லாரியாக வந்து இறங்க வேண்டிய அளவு, அந்தச் செலவு பட்டியலிலேயே இருக்காது. இன்னொன்று, பழைய பெயின்ட் உரிந்து விழுந்த கட்டடத்தின் ஓரம், வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலையின் ஓரம், முன்பு பட்டறை இருந்த இடம், இங்கெல்லாம் மண்ணில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதில் கீரையும் கிழங்கும்தான் கூடுதல் ஆபத்து, தக்காளி மாதிரி காய்க்கிற செடிகளில் காய்க்குள் ஏறுவது குறைவு. விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் கைக்காசைப் போட்டு மண்ணைப் பரிசோதித்து, முடிவை இணைத்துவிடுங்கள். குழந்தைகள் சாப்பிடப் போகிற விளைச்சல், இதில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது.

பழமரம் என்றதும் நான் முதலில் பார்ப்பது இட அனுமதிக் கடிதத்தைத்தான். ஒட்டுச்செடி வைத்தாலே பெரும்பாலான மரங்கள் ஒழுங்காகக் காய்க்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும், விதையிலிருந்து வந்தது என்றால் இன்னும் தள்ளிப் போகும். கடிதத்தில் ஒரு வருட அனுமதி மட்டும் இருந்தால் மரத்துக்குப் பணம் தர எந்தக் குழுவுக்கும் மனம் வராது. நீண்ட அனுமதி கிடைக்கவில்லையா, சரி, மரத்தை விட்டுவிட்டு, வேறு இடத்துக்குத் தூக்கிப் போகக்கூடிய தொட்டிகளில் காய்கறி மட்டும் என்று கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராமாவது பழமும் காய்கறியும் சாப்பிடச் சொல்கிறது, 2021ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசப் பழங்கள், காய்கறிகள் ஆண்டாக அறிவித்தது, இந்த இரண்டு வரியும் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்குக் கீழேயே 'இந்தத் தோட்டம் 40 பேரின் தேவையைப் பூர்த்தி செய்யும்' என்று எழுதாதீர்கள். 40 பேருக்கு 400 கிராம் என்றால் நாளுக்கு 16 கிலோ, வருடத்துக்கு கிட்டத்தட்ட 6 டன். 100 சதுர மீட்டரில் அது நடக்கவே நடக்காது. வாரத்துக்கு ஒரு பை கீரையும் காயும் இத்தனை வீட்டுக்குப் போகும் என்று அடக்கமாகச் சொன்னாலே போதும். ஒரு தராசும் ஒரு நோட்டும் வாங்கிக் கருவி அறையில் தொங்கவிடுங்கள்: தேதி, எந்தப் பாத்தி, எத்தனை கிலோ, யார் வீட்டுக்குப் போனது. வருட முடிவில் அறிக்கை கேட்பார்கள், புகைப்படத்தை விட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் அதையே காட்டலாம்.

யாரிடம் கேட்பது என்றால் உள்ளாட்சி, தோட்டக்கலைத் துறை, அறக்கட்டளைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, இவ்வளவுதான் பொதுவாக. அவர்களின் விதிமுறைகளில் இரண்டை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒன்று, பல இடங்களில் பொருள் வாங்கத்தான் பணம், சம்பளத்துக்கோ பராமரிப்புக்கோ கிடையாது. அப்படியென்றால் பின்னால் வேலையைக் குறைக்கிற பொருளாக வாங்குங்கள், இரண்டாம் வருடம் எந்த வாரம் யார் பொறுப்பு என்று பெயரோடு ஒரு அட்டவணையும் வையுங்கள். இரண்டு, நீங்கள் முதலில் செலவு செய்து பில் கொடுத்த பிறகுதான் பணம் வரும் என்றிருக்கும், சின்னக் குழுக்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான். முன்பணம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். குழுவின் பெயரில் இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கும் தயாராக இருக்கட்டும். உங்கள் பங்கு என்று ஒரு தொகை கேட்டால், தன்னார்வலர்களின் வேலை நேரத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று விசாரியுங்கள். எடுப்பார்கள் என்றால் முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவு வேண்டும்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், விதைப்புப் பருவம் உங்களுக்காகக் காத்திருக்காது. பணம் பருவம் தப்பி வந்தால் அதை வைத்து அவசர அவசரமாக நட வேண்டாம், வேலி, குழாய், மண் வேலையை முடித்துக்கொண்டு நடவை அடுத்த பருவத்துக்குத் தள்ளுகிறோம் என்று எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

அப்புறம், கேட்டதில் பாதிதான் தருவோம் என்று பதில் வருவதும் உண்டு. அப்போது எல்லாச் செலவையும் பாதியாக வெட்டாதீர்கள். பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மீதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்பாட்டை முழுதாக வைத்து, திருத்திய பட்டியலை அனுப்புங்கள். 40 சதுர மீட்டர் பச்சையாக இருந்தால் மறு வருடம் அதையே காட்டி மிச்சத்தைக் கேட்கலாம்.