கடைமடைக்காரர் முதலில் பேசட்டும்: யோகப் பயிற்சியும் தலைமைப் பொறுப்பும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாய்க்கால் பாசன சங்கத் தலைவராக இருக்கிறேன். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் கூட்டம் போட்டாலே வாய்த்தகராறுதான். நானும் கத்திவிடுகிறேன். அதன்பின் என் பேச்சு எடுபடுவதில்லை. ஆறு மாதமாக ஆசனம் செய்கிறேன். உடம்பு வளைகிறது, கோபம் குறையவில்லை.
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: ஆசனத்தோடு மூச்சுப் பயிற்சியையும் சேருங்கள். கோபம் வரும்போது மூச்சு மேல்மார்புக்கு ஏறிவிடும். தோள் தூக்கும், குரல் உயரும். மூச்சை உள்ளே இழுக்கையில் இதயத்துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடுகையில் தணியும். அதனால்தான் வெளிமூச்சை நீளமாக்கச் சொல்கிறோம்.

சம்மணமிட்டோ, பாதம் தரையில் படிய நாற்காலியிலோ உட்காருங்கள். ஒரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மூக்கால் 4 எண்ணி இழுங்கள். கை முன்னே தள்ளப்பட வேண்டும், தோள் அசையக் கூடாது. 6 எண்ணி விடுங்கள். 12 சுற்று செய்ய இரண்டு நிமிடம் போதும். இரண்டு வாரம் பழகியபின் 8 எண்ணி விடலாம். பலரும் தவறுவது ஒரே இடத்தில்: நெஞ்சு முட்ட இழுத்துவிடுகிறார்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் தலை கிறுகிறுக்கும். அப்படியானால் உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விடுங்கள்.

இதைத் தினமும் செய்ய வேண்டும். கூட்டத்தன்று மட்டும் செய்தால் கைகொடுக்காது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரி வைக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்ததும், ஒரு முழு வெளிமூச்சு விட்ட பிறகே வாயைத் திறங்கள். அந்த ஆறு எண்ணிக்கைக்குள் அவரே இன்னொரு வார்த்தை சேர்ப்பார். “தண்ணியே வரல” என்று ஆரம்பித்தவர், “ராத்திரியில யாரோ ஷட்டர இறக்கிடறாங்க” என்பார். முதலாவது வெறும் புகார். இரண்டாவதுக்கு அன்று இரவே ஆள் போடலாம். இன்னொன்று, வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரரை முதலில் பேச விடுங்கள். வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர் முதலில் பேசினால் அவருடைய கணக்கே கூட்டத்தின் கணக்காகிவிடும்.

கேள்வி: ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் இடது காலில் 10 நொடிகூட நிற்க முடியவில்லை, ஆடுகிறது. மகளிர் குழுவை நடத்துபவளுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது?
– கும்பகோணம் வாசகி

பதில்: ஆடுவது தவறே இல்லை. கணுக்காலின் தசைகள் ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் நிற்க முடிகிறது. ஆடக் கூடாதென்று முழங்காலை இறுக்கி, விரல்களால் தரையைப் பற்றினால்தான் விழுவீர்கள். பெருவிரலடி, சுண்டுவிரலடி, குதிகால் மூன்றிலும் எடையைப் பரப்புங்கள். தூக்கிய பாதத்தைத் தொடையிலோ கெண்டைக்காலிலோ வையுங்கள். முழங்கால் மூட்டில் வைக்கவே வேண்டாம், பக்கவாட்டு அழுத்தம் அதற்கு ஆகாது. கண் மட்டத்தில் அசையாத புள்ளி ஒன்றைப் பாருங்கள். சுவர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இடது காலில் தொடங்கி, அதற்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள்.

குழுவிலும் இதே வேலைதான். ஒரு தவணை தவறிய வாரமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், தனியாக, என்ன சிரமம் என்று கேளுங்கள். அப்போது அது 500 ரூபாய்ப் பேச்சு. மூன்று மாதம் விட்டால் எல்லோர் முன்னிலையிலும் சண்டையாகும்.

கேள்வி: திருமந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்லியிருக்கிறதே, நானே பழகலாமா?
– மயிலாடுதுறை இளைஞர்

பதில்: வேண்டாம். திருமூலர் இருந்த திருவாவடுதுறை உங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், அந்த அளவு நெடுநாள் பழகியவர்களுக்கானது. மூச்சை அடக்காமல் 4 எண்ணி இழுத்து, 8 எண்ணி விட்டால் போதும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடக்கவே கூடாது. நாளை நீங்கள் ஒரு பொறுப்புக்கு வந்தால், புதிதாகச் சேர்ந்தவர் தலையில் பழகியவரின் சுமையை ஏற்றாதீர்கள்.

கேள்வி: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் எல்லா வேலையையும் நானே பார்க்கிறேன். சவாசனத்தில் படுத்தாலும் கொப்பரைக் கணக்குத்தான் ஓடுகிறது.
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: மனம் ஓடட்டும், உடம்பை விடுங்கள். கால்கள் சற்று அகன்று, உள்ளங்கை மேல்நோக்கி, 7 நிமிடம். பாதம், தொடை, வயிறு, கை, தாடை என்று வரிசையாகத் தளர்த்துங்கள். தாடைதான் கடைசிவரை இறுகியிருக்கும். பல்லும் பல்லும் ஒட்டாமல் பாருங்கள். எழும்போது வலப்பக்கம் திரும்பி, ஐந்தாறு மூச்சு கழித்து, கையூன்றி எழுங்கள்.

அலுவலகத்திலும் ஒன்றைத் தளர்த்துங்கள். வாரத்தில் ஒருநாள் எடை போடும் வேலையை முழுவதுமாக உதவியாளரிடம் விடுங்கள். நடுவில் போன் செய்யாதீர்கள், மாலையில் மட்டும் சிட்டையைப் பாருங்கள். பிழை இருந்தால் மறுநாள் காலை, எடை தொடங்குவதற்கு முன், அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.