குறை சொல்லாத பிள்ளை

கேள்வி: பிலிப்பைன்ஸில் மாற்றுத்திறனுள்ள குழந்தை பிறந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நம்புகிறார்களாம். கூடப்பிறந்த பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு பெரிய மனசு?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் முகம் சுளிக்கவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். நீங்கள் படித்தது பெரியவர்கள் சொன்ன கதையாக இருக்கும். பிள்ளையைத் தனியே உட்கார வைத்துக் கேட்டால் வேறு கதை வரும். தம்பி மேல் உயிராக இருக்கும் அதே பிள்ளைக்கு அவன் மேல் கோபம், அவனால் வெட்கம், அவனுக்காகப் பயம், இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்ற குற்ற உணர்வு, எல்லாமே இருக்கும்.

அப்படியொரு அதிர்ஷ்ட நம்பிக்கை அங்கே இருப்பது உண்மை. இந்தக் குழந்தை வந்த பிறகுதான் கடை ஓடியது, அப்பாவுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது என்று சொல்லும் குடும்பங்கள் அங்கே நிறைய. 'ஏஞ்சல்' என்றும் கொஞ்சுவார்கள். குழந்தையைப் பின்கட்டில் ஒளித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்பது வயது அக்காவின் இடத்திலிருந்து யோசியுங்கள். வீட்டுப்பாட நோட்டைக் கிழித்தவன் ஏஞ்சல் என்றால், அவன் மேல் கோபப்படுகிற அவள் யார்? விசாயா தீவுகளில் 'காபா' என்றொரு நம்பிக்கை உண்டு: செய்த தப்பு திரும்பி வந்து உன்னையே அடிக்கும். "இவனைத் திட்டினால் நாளைக்கு உனக்கும் இப்படித்தான் பிறக்கும்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை வாயைத் திறக்குமா?

அங்கே பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது வழக்கமில்லை. மனசு நொந்தால் 'தாம்ப்போ': பேச்சு நிற்கும், சாப்பிடக் கூப்பிட்டால் வராது, என்ன ஆச்சு என்றால் "ஓகே லாங் போ", ஒன்றுமில்லை. யாராவது பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, தாஜா செய்து அழைத்து வர வேண்டும். கோபித்துக்கொள்வது பிள்ளையின் பங்கு, சமாதானம் செய்வது வீட்டின் பங்கு. அம்மாவின் ஒரு கை தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கை கரண்டியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அப்பா கப்பல் வேலையில் கடலில் இருக்கிறார். சமாதானம் செய்ய யார் வருவார்? நாலைந்து தடவை காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளை கோபித்துக்கொள்வதையே விட்டுவிடும். பக்கத்து வீட்டார் அதைப் பார்த்துத்தான் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்கிறார்கள். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியதும் இந்தப் பிள்ளையைத்தான். வகுப்பில் அடம் பிடிக்கிற பிள்ளையை யாராவது ஒருவர் எப்படியும் கவனித்துவிடுவார்.

இன்னொரு சிக்கல், மூத்தவர் இளையவர் முறை. மூத்த சகோதரி 'ஆத்தே', மூத்த சகோதரன் 'கூயா'. மரியாதையும் பொறுப்பும் அந்த இடத்தோடு சேர்ந்தே வரும். அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் ஆத்தேதான் அம்மா, கூடவே ஒரு லோலாவும், அதாவது பாட்டியும் இருப்பார். ஆனால் மூளை முடக்குவாதம் வந்தவன் மூத்தவனாக இருந்தால்? எட்டு வயதுத் தங்கை, பதின்மூன்று வயது அண்ணனைக் கூயா என்று அழைத்துக்கொண்டே அவனுக்கு ஊட்டி, வாயைத் துடைத்து, ஈ ஓட்டுவாள். மூத்தவருக்குரிய வேலை முழுக்க அவளுக்கு, மூத்தவருக்குரிய சொல்லுரிமை மட்டும் கிடையாது. மனக்கசப்பு அதிகம் தங்குவது இப்படிப்பட்ட பிள்ளைகளிடம்தான் என்பது என் கருத்து.

சரி, பெரியவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தான் மனதில் நினைத்ததுதான் நடந்துவிட்டது என்று நம்பும். "தம்பி வேண்டாம்னு நினைச்சேன், அதான் அவனுக்கு இப்படி" என்று யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கும். கர்ப்பத்தில் அம்மா எதையோ பார்த்துவிட்டாள், எதற்கோ ஆசைப்பட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசுவதும் அதன் காதில் விழும். ஆகவே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இது யாருடைய தப்பும் இல்லை; உனக்கு ஒட்டிக்கொள்ளாது; சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், ஆனால் அவன் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வான். ஒரு தடவை சொன்னால் போதாது. வயது ஏற ஏறக் கேள்வி மாறும்.

வேலைக்கு எல்லை போடுங்கள். தூக்குவது பிள்ளையின் வேலை இல்லை. பத்து வயதுப் பெண் ஏழு வயதுத் தம்பியைத் தூக்கினால் முதலில் போவது அவள் முதுகு, அடுத்து இருவரும் சேர்ந்து விழுவார்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் தனியாக ஊட்டச் சொல்லவும் கூடாது. லுகாவ் கஞ்சியைப் பிள்ளைகள் நீர்க்கக் கரைப்பார்கள், சீக்கிரம் ஊட்டி முடிக்கலாமே என்று. நீர்த்த கஞ்சிதான் மூச்சுக்குழாயில் இறங்கும். கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென வழியாத கெட்டி வேண்டும், நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், ஊட்டியபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இது வேண்டாம்.

வலிப்பு வரும்போது பிள்ளையை அறையை விட்டுத் துரத்துகிறார்கள். கதவுக்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்கிற பிள்ளை, தம்பி செத்துவிட்டான் என்றே நினைக்கும். அதற்குப் பதில் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: பெரியவரைக் கூப்பிடு, கடிகாரத்தைப் பார். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், தலைக்கு மெத்தென்று எதையாவது வைப்பதும், வாயில் எதையும் திணிக்காமல் இருப்பதும் பெரியவர் பாடு. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. தன் வேலை எது என்று தெரிந்தால் பிள்ளையின் பயம் பாதியாகக் குறையும்.

வெட்கத்தை அதட்டி விரட்ட முடியாது. 'அப்னாய்', அதாவது 'அப்நார்மல்', என்று தெருவில் கேலி செய்வார்கள். 2007-ல் வந்த குடியரசுச் சட்டம் 9442, மாற்றுத்திறனாளிகளைப் பொது இடத்தில் இழிவு செய்தால் முதல் தடவைக்கே 50,000 பெசோவுக்குக் குறையாத அபராதம் என்கிறது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைக்குச் சட்டம் கைகொடுக்காது, பழகிய பதில்தான் கைகொடுக்கும். "அவனுக்குப் பேச்சு வராது, நாம் பேசுவது புரியும்" என்பது போல ஒரே ஒரு வரி. வீட்டில் பலமுறை சொல்லிப் பார்க்கட்டும். சிநேகிதிகளை வீட்டுக்கு அழைக்க விருப்பமில்லை என்றால் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றிலும் கடினம். நல்ல தெரபி மையங்கள் மணிலா, செபு, டாவாவ் போன்ற ஊர்களில்தான் அதிகம். போய்வரவே ஒரு நாள் போகும். இங்கே ஞானத்தாய், ஞானத்தந்தையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன். கத்தோலிக்கக் குடும்பங்களில் அந்த உறவு பெயரளவுக்கு அல்ல. ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு மணி நேரம் அவர்கள் தம்பியோடு இருக்கட்டும், அம்மா அக்காவோடு மட்டும் இருக்கட்டும். அந்த நேரத்தில் தம்பியின் பேச்சை அம்மா எடுக்கக் கூடாது.

இதே நிலையில் உள்ள பிள்ளைகள் ஒன்றுகூடுவதும் பலன் தரும். அமெரிக்காவில் டான் மேயர் வகுத்த 'சிப்ஷாப்' முறை 8 முதல் 13 வயது வரையிலான உடன்பிறப்புகளுக்கானது. விளையாட்டு, சாப்பாடு, நடுநடுவே பேச்சு. பராங்காய், அதாவது ஊர்ப் பகுதி நிர்வாகத்தின், மண்டபத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளும் கொஞ்சம் மெரியெண்டா பலகாரமும் இருந்தால் போதும். பெற்றோர் மட்டும் உள்ளே வரக் கூடாது.

பதின்வயதில் வரும் கேள்வி: "உங்களுக்குப் பிறகு?" இது வெறும் பாசக் கேள்வி இல்லை, சட்டமும் இருக்கிறது. 1987-ன் குடும்பச் சட்டத் தொகுப்பு, பிரிவு 195, உடன்பிறந்தவர்களும் ஒருவரையொருவர் ஆதரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. யாரிடம் முதலில் கேட்பது என்று சொல்லும் பிரிவு 199-ன் வரிசையில் வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர் வழியினர், கடைசியில்தான் உடன்பிறப்பு. கொடுப்பவரின் வசதிக்கும் பெறுபவரின் தேவைக்கும் ஏற்ற அளவுதான் கேட்கலாம். தொகையாகக் கொடுப்பதா, வீட்டில் வைத்துப் பார்ப்பதா என்று தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் கொடுப்பவரே (பிரிவு 204). படிப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் விட்டாக வேண்டும் என்று பயந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் அவளிடம் வாக்கு வாங்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: 20 சதவீதத் தள்ளுபடியும் வாட் விலக்கும் தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருந்துகளின் பெயரும் அளவும், வலிப்பு வந்த தேதிகள், மருத்துவர் எண், அவளைத் தவிரப் பொறுப்பேற்க ஒப்புக்கொண்ட இரண்டு பெரியவர்களின் பெயர்.