‘நிறுத்து’ அழுத்தியும் வெண்ணாறு ஏன் நிற்கவில்லை?

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: “ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று எப்படிப் பிரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்காக அடோபி அனிமேட் என்ற அசைபட மென்பொருளில் அசைபடமாகச் செய்தேன். ‘நிறுத்து’ பட்டனை அழுத்தினால் தேதி ஓடுவது மட்டும் நிற்கிறது. ஆறுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், பதினைந்தாயிரம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். உங்கள் படத்தில் பழுது எதுவும் இல்லை. நிற்கச் சொல்லும் கட்டளை போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கோப்பு ஹெச்டிஎம்எல்5 கேன்வாஸ் வகை, அதாவது பிரவுசரிலேயே ஓடும் வகை, என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அனிமேட்டில் தனியாக அசையும் துண்டுக்கு மூவி கிளிப் என்று பெயர். ஒவ்வொரு மூவி கிளிப்புக்கும் சொந்த டைம்லைன், அதாவது ஃப்ரேம்கள் வரிசையாக ஓடும் பட்டை, உண்டு. முதன்மை டைம்லைனில் ‘திஸ்.ஸ்டாப்’ என்றால் அது மட்டும்தான் நிற்கும். மேட்டூர் மதகை இறக்கியதும் கல்லணையில் வெண்ணாற்று ஷட்டர் தானாக இறங்கிவிடுமா? அங்கேயும் ஆள் போய்த்தான் இறக்க வேண்டும்.

ஆகவே முதலில் பெயர் வையுங்கள். லைப்ரரியில் இருக்கும் பெயர் இதற்கு உதவாது. மேடையில் இருக்கும் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்டீஸ் பலகத்தில் இன்ஸ்டன்ஸ் பெயர் கொடுக்க வேண்டும். வரைபடத்துக்கு ‘மேப்’, அதற்குள் இருக்கும் ஆறுகளுக்கு அவற்றின் பெயர். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால்கூடக் கட்டளை போய்ச் சேராது. அப்புறம் வெளியிலிருந்து உள்ளே முழு விலாசம்: ‘திஸ்.மேப்.வெண்ணாறு.ஸ்டாப்’. பட்டனுக்கான ஃபங்ஷனை இணைக்கும்போது ‘பைண்ட்(திஸ்)’ சேர்க்க மறந்தால், ‘திஸ்’ என்பது உங்கள் படத்தையே குறிக்காது. நிறையப் பேர் விழுவது இங்கேதான்.

வாய்க்கால்கள் பெருகிவிட்டால் ஒவ்வொன்றாக நிறுத்துவது அலுப்பு. ‘திஸ்.மேப்.டிக்எனேபிள்ட்’ (tickEnabled) என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். மேப்பும் அதற்குள் இருக்கும் அத்தனையும் நின்றுவிடும். ‘ட்ரூ’ ஆக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பட்டன்களை மேப்புக்கு வெளியே வையுங்கள். குறிப்பிட்ட காட்சிக்குத் தாவ ஃப்ரேம் எண்ணை நம்ப வேண்டாம். கேன்வாஸ் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், உங்கள் கண்ணுக்குத் தெரியும் டைம்லைனோ ஒன்றிலிருந்து. அந்த ஃப்ரேமுக்கு ஒரு பெயர், அதாவது லேபிள், வைத்துத் தாவுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஏதாவது ஓர் ஆற்றை மூவி கிளிப்பாக இல்லாமல் ‘கிராபிக்’ சிம்பலாகச் செய்திருந்தால் மேலே சொன்ன முறை அதற்குப் பொருந்தாது. கிராபிக் தன்னைத் தாங்கும் டைம்லைனோடு சேர்ந்தே நகரும். தாய் நின்றால் அதுவும் நிற்கும். அதற்கு இன்ஸ்டன்ஸ் பெயர் வைக்க முடியாது, அதனால் தனியாகக் கட்டளை அனுப்பவும் முடியாது. ஆனால் அந்த கிராபிக்குக்குள் ஒரு மூவி கிளிப் ஒளிந்திருந்தால், அது மட்டும் தன் போக்கில் ஓடும். எல்லாம் நின்றும் ஏதோ ஒரு மூலையில் தண்ணீர் அசைகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். ப்ராப்பர்டீஸில் அந்த வெளி கிராபிக்கை ‘மூவி கிளிப்’ என்று மாற்றிப் பெயர் கொடுத்து, அதன் ‘டிக்எனேபிள்ட்’-ஐ ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் சரியாகிவிடும்.

இனி அந்த சென்டர்க்காரர். ஃப்ளாஷ் புரொஃபஷனல் 2016-லேயே அனிமேட் என்று பெயர் மாறிவிட்டது. அதில் செய்த படங்களை பிரவுசரில் ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதில் படங்கள் ஓடுவதையே அடோபி தடுத்துவிட்டது. இதற்குப் பிறகும் அந்த பிளேயருக்கான எஸ்டபிள்யூஎஃப் கோப்பைக் கொடுத்து, ‘பழைய பிளேயர் போட்டுத் தருகிறேன்’ என்று பென் டிரைவை நீட்டுகிறவர்கள் உண்டு. பள்ளிக் கணினியில் அதை ஏற்ற விடாதீர்கள்; அதன் ஓட்டைகளை அடைக்க இனி யாரும் வரப்போவதில்லை. வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டு, அதில் ஓடும் பாடத்தைச் செய்ய ஆசிரியருக்கு உருப்படியான பயிற்சி தராமல் விட்டால், இப்படிப்பட்டவர்கள் கடை விரிக்கத்தான் செய்வார்கள். கோபமாகத்தான் வருகிறது.

எப்போதாவது வெளியாளிடம் வேலை கொடுக்க நேர்ந்தால், பணம் தரும் முன் எஃப்எல்ஏ மூலக்கோப்பை வாங்கி உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். வெறும் பப்ளிஷ் செய்த ஃபோல்டரை மட்டும் தந்தால், அடுத்த ஜூனில் ஒரு தேதியை மாற்றவும் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.