தோல் கேள்வி பதில்: கடையில் கேட்டு வாங்கும் டியூப்

கேள்வி: தொடை இடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு டாக்டர். மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது.

பதில்: டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நீங்கள் சொல்வது படர்தாமரை போலத்தான் இருக்கிறது. அது பூஞ்சை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. அந்த இடத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். போகப்போக வட்டத்தின் விளிம்பு கலைந்து, எங்களுக்கே சட்டென்று அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெல்லிசு என்பதால் வரிவரியாகத் தழும்பு விழும். அது முழுசாக மறையாது. 2018-லேயே இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இன்னும் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

அந்த டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை வாரக்கணக்கில் போகும், அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். ஈரம் காயாத உள்ளாடையைப் போடவே வேண்டாம். துண்டு தனியாக இருக்கட்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பார்லரில் கலந்து கொடுத்த கிரீமில் முகம் நன்றாக வெளுத்தது. நிறுத்தியதும் சிவந்து எரிகிறது, பருவும் வருகிறது. மறுபடி போடட்டுமா மேடம்?

பதில்: போடாதீர்கள் அம்மா. இதிலும் ஸ்டீராய்டு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தோல் அதற்குப் பழகிவிட்டால் நிறுத்தும்போது இப்படித்தான் எரியும். மருத்துவர் மேற்பார்வையில் சில மாதம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். பெயர், தயாரிப்பாளர் விவரம் இல்லாத வெளுக்கும் கிரீம்களில் பாதரசமும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023-ல் செய்தியாக வந்தது. கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம், உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: முகம் வெளுக்க எலுமிச்சைச் சாறு பூசலாமா?

பதில்: வேண்டாம். கடும் அமிலம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கருத்துப் போகும்.

கேள்வி: கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையா?

பதில்: தோலுக்கு நிறம் தரும் மெலனின் நம்மை ஓரளவு காக்கும், தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு. ஆனால் முகத்தில் மங்கு (கருந்திட்டு) இருப்பவர்களுக்கு வெயில் பகை, அவர்கள் போட்டே ஆக வேண்டும். டியூபில் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 என்று இருந்தால் போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பட்டாணி அளவு தடவுவதில் பயனில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. மார்கழி வந்தால் முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாக உரிந்து அரிக்கிறது.

பதில்: வயதானால் தோலில் எண்ணெய்ப் பசை குறையும். சோப்பு காரம், தோலோ லேசான அமிலம், அதனால் காலுக்கு தினமும் சோப்பு வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் வெதுவெதுப்பாகக் குளிக்கச் சொல்லுங்கள். துடைத்த ஈரம் காய்வதற்குள் வாசலைனோ தேங்காயெண்ணெயோ தடவிவிடுங்கள், விலை உயர்ந்த லோஷன் தேவையில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு குறையாவிட்டால் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.