சாவி எங்கிருந்து வந்தது?

சென்ற இதழில், ரொபர்ட் ஜோர்டனின் மாயாஜாலக் கதைப் புத்தகங்களை வைத்து அமேசன் எடுத்த 'வீல் ஒஃப் டைம்' தொலைக்காட்சித் தொடரை நிறுத்திவிட்டார்கள் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். தேங்காய் விலையைப் பற்றி எழுதியபோதுகூட இவ்வளவு கடிதம் வரவில்லை. ஆகவே இந்தக் கிழமை முழுக்க இதே கதைதான். முழங்கால் வலிக்காரர்களும் சாதகக் குறிப்பு அனுப்பியவர்களும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வங்கி ஊழியர் ஒருவர், வெள்ளவத்தை: 'வீல் ஒஃப் டைம்' புத்தகங்களை 2003 இல் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் தேடத் தொடங்கி, பதினான்கு தொகுதியையும் சேர்த்தவன் நான். முதல் எபிசோடிலேயே, புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் கலியாணமே ஆகாத, முக்கிய பாத்திரங்களில் ஒருவனான பெரினுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, அவளைக் கொன்றும் விட்டார்கள். இப்போது மூன்று சீசனோடு மூடுவிழா. இப்படி மாற்ற இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அதிகாரத்தைக் காசோலை கொடுத்தது. அதை விடுங்கள், நான் உங்களுக்கு ஒரு சாவிக் கதை சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் கொழும்பில் ஒரு பத்திரிகையில் புரூப் பார்த்தவன். ஞாயிறு மலரில் ஒரு தொடர்கதை போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் கடைசி நேரத்தில் புடவைக்கடை விளம்பரம் ஒன்று வந்து விழ, பக்கம் கட்டியவர் கதையின் கடைசிப் பத்தியைத் தூக்கிவிட்டார். ஒன்பதே வரி. சாகக் கிடக்கும் மாமியார் மருமகளின் கையில் ஒரு சாவியை வைக்கிற பத்தி அது. நான் பார்த்த புரூப்பில் இருந்தது, அச்சில் இல்லை. மூன்று வாரம் கழித்து மருமகள் அந்தச் சாவியால் அலுமாரியைத் திறக்கிறாள். அட்டனிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "சாவி எங்கிருந்து வந்தது?" என்று ஒரே வரி. ஆசிரியர் அந்த அட்டையை என் மேசையில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பழி எனக்கு.

அதே கதையில் ஒரு கலியாண வீட்டு அத்தியாயத்தை இடம் போதாமல் முழுதாகவே விட்டிருந்தோம். அதை ஒரு குருவிகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் படமானாலும் எத்தனை பக்கம் போயிற்று என்று எண்ணுகிற பழக்கம் எனக்கு விட்டுப்போனது. சாவி இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். உங்கள் பெரினை எடுங்கள். கையில் கோடரியா சம்மட்டியா என்று தொகுதி தொகுதியாக மனதுக்குள் உழல்கிறவன் அவன். வாசகர் அவனுடைய தலைக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கமராவுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஒரு மனைவியைப் படைத்து, சண்டைக் குழப்பத்தில் அவன் கையாலேயே சாகவைத்தார்கள். ஆயுதம் தூக்க அவன் ஏன் பயப்படுகிறான் என்பது ஒரே காட்சியில் முடிந்தது. ஏன் செய்தார்கள் என்று விளங்குகிறது, ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் மனதில் பதியுமுன்னே ஒருத்தியைப் புதைத்துவிட்டு அதைக் காரணம் என்று நீட்டுவது, பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி வெட்டுகிற வேலை.

ஆனால் மூன்றாவது சீசனின் நான்காம் எபிசோடைப் பார்த்தீர்களா? கதாநாயகன் ராண்ட் கண்ணாடித் தூண்களுக்கிடையே நடந்து, தன் மூதாதையரின் வாழ்க்கையை ஒருவர் பின் ஒருவராகப் பின்னோக்கி வாழ்கிறானே, அது. புத்தகத்தில் அந்த அத்தியாயங்களை வாசித்தபோது நான் பஸ்ஸில் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டு இரத்மலானை வரை போனவன். திரையிலும் அதே ஆட்டம் இருந்தது. எட்டு எட்டாக இருபத்து நான்கு எபிசோட் எடுத்து, கை பழகி வருகிற நேரத்தில், 2025 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். மாற்றங்களைவிட எனக்கு வலித்தது இதுதான்.

இன்னொன்று. ரொபர்ட் ஜோர்டன் 2007 இல் இறந்தபோது கதை பதினொரு தொகுதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிரண்டன் சண்டர்சன் மிச்சம் மூன்றையும் எழுதி முடிக்க 2013 ஆகிவிட்டது. நீங்கள் அதையே தாங்கிக்கொண்டு காத்திருந்தவர் ஐயா. அமேசன் எம்மாத்திரம்?

உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை: 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' முடிவைப் பற்றிக் கதைத்தாலே அண்ணாவுக்கு இன்னும் கோபம் வருகிறது. அவ்வளவு மோசமா?

அண்ணா தனி ஆள் இல்லை. கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் ஒப்பமிட்டார்கள்.

தொடர் தொடங்கியது 2011 ஏப்ரலில். மூலக்கதை எழுதும் ஜோர்ஜ் மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் வந்தது அதே வருடம் ஜூலையில். ஆறாவது வரும் வரும் என்று பார்த்திருக்க, தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு ஓடியது. அதுவரை பத்துப் பத்தாக வந்த எபிசோட்கள் ஏழாவது சீசனில் ஏழாகவும் எட்டாவதில் ஆறாகவும் குறைந்தன. முதல் சீசனில் வடக்கிலிருந்து தலைநகருக்கு அரசன் போய்ச் சேர்வதே ஒரு கதை. பிறகு பார்த்தால், இங்கே காலி வீதியில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்குகிற வேகத்தில் ஆட்கள் கண்டம் தாண்டினார்கள். அரியணை கேட்டு வந்த டெனேரிஸ் கடைசியில் தலைநகரத்தை எரித்ததில் எனக்குப் பிணக்கு இல்லை. அந்தக் கோபத்துக்கான சாவியை முந்திய சீசன்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்துத்தான் இருந்தார்கள். அதை அவள் கையில் கொடுக்கிற அந்த ஒன்பது வரிக்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை.

இதற்கு எதிர்க்கணக்கும் சொல்ல வேண்டும். முதல் சீசனில் பெரிய போர் ஒன்றை எடுக்கக் காசு போதவில்லை. தொடங்குமுன்னே, முக்கிய பாத்திரங்களில் ஒருவனான டிரியன் தலையில் அடிபட்டு மயங்கி விழுகிறான், கண் திறக்கும்போது போர் முடிந்துவிட்டது. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, பகிடியாகவும் இருந்தது.

புரூப் பார்த்தவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் உண்டு. கடைசி சீசனில், விருந்து மேசையில் இந்தக் காலத்துக் கோப்பிக் குவளை ஒன்று இருந்ததை அத்தனை பேரும் கவனியாமல் விட்டு ஒளிபரப்பி, பிறகு அழித்தார்கள். உலகத்துப் பணமெல்லாம் கொட்டினாலும் பிழை தப்பித்தான் போகும். என்னுடைய பழைய ஆசிரியர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் பரீட்சை முடிந்த பிறகு பாருங்கள். பெரியவர்களுக்கான தொடர் அது, வீட்டில் கேட்டுக்கொண்டு.

அம்மம்மா ஒருவர், பம்பலப்பிட்டி: 'பொன்னியின் செல்வன்' படம் இரண்டையும் பார்த்தேன். என் மணிமேகலை எங்கே, தம்பி?

படத்தில் இல்லை அம்மா. நானும் தேடினேன்.

2022 இல் மின்வெட்டுக் காலத்தில் எங்கள் தொடர்மாடியில் இதை நான் சத்தமாக வாசித்தேன். மெழுகுதிரி ஒன்று, பிள்ளைகள் நாலு பேர், எதிர்வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் குரலுக்காகவே வந்து இருப்பார். கல்கி 1950 இலிருந்து வாராவாரம் எழுதிய கதை. ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது கதவைத் தட்டுகிற இடத்தில்தான் நிற்கும். கரண்ட் வந்த பிறகும் பிள்ளைகள் எழும்பவில்லை, "தட்டினது யார் மாமா?" இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் இந்த நாட்டில் அலைகிறபோது இன்னும் உசார், அநுராதபுரத்துக்குப் பாடசாலைச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகள் அல்லவா. இது தொடராக எடுக்க வேண்டிய கதை என்று எனக்கு அப்போதே பட்டது. ஐந்து பாகத்தை ஐந்தரை மணித்தியாலத்தில் அடக்க மணிரத்னம் நந்தினியையும் கரிகாலனையும் நடுவில் வைத்தார். அந்தக் கணக்கில் மணிமேகலை இல்லாமலே எல்லாப் பூட்டும் திறக்கிறது. என்னுடைய சாவி விதிப்படி முறைப்பாடே வரக்கூடாது.

வந்ததே. கொலைப் பழியிலிருந்து வந்தியத்தேவனைக் காப்பாற்ற, நானே குற்றவாளி என்று சொல்லி நின்ற பிள்ளை. அரசனும் முடிசூட்டும் எல்லாம் இருக்க, கல்கி ஐந்து பாகத்தையும் அவளுடைய மரணத்தோடுதான் முடிக்கிறார். அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்த இரவு எதிர்வீட்டு அம்மா, ஒரு சொல் விளங்காமலே, அழுதார். கதைக்கு வேண்டாத ஒருத்தி வாசகருக்கு வேண்டியவளாக இருக்கலாம் போலிருக்கிறது. இந்த இடத்தில் என் விதி பிழையாகிறது அம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி.

வாசகர், தெஹிவளை: நாம் மனதில் வைத்திருக்கும் முகத்துக்கும் நடிகரின் முகத்துக்கும் ஒட்டவே இல்லையே?

மார்ட்டினின் புத்தகத்தில் டெனேரிஸுக்கு ஊதாக் கண்கள். தொடருக்காக நிறக் கண்வில்லை போட்டுப் பார்த்தார்கள், நடிப்புக் கண்ணில் தெரியாமல் போனது, கழற்றிவிட்டார்கள். நல்ல முடிவு. முகத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு எபிசோட் போதும், பழகிவிடும். வந்தியத்தேவன் மட்டும் விலக்கு, அவருக்கு ஓவியர் மணியம் வரைந்த முகம்தான்.

பெயர் வேண்டாம் என்றவர், புறக்கோட்டை: இந்தத் தொடர்களைத் தமிழ்க் குரலில் பார்ப்பதா, ஆங்கிலத்தில் பார்ப்பதா?

'ரிங்ஸ் ஒஃப் பவர்' 2022 இல் தமிழ்க் குரலோடும் வந்தது. நானும் மனைவியும் ஒரு எபிசோட் பார்த்தோம். எல்ஃப், குள்ளர், மனிதர் எல்லாரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள்போல எங்கள் காதுக்குப் பட்டது. அந்தக் கதையுலகின் எழுத்தாளர் டோல்கீன் மொழிகளைச் செய்துவிட்டு, அவற்றைப் பேச ஆட்கள் வேண்டுமே என்று உலகம் படைத்த மனிதர். குள்ளர் மட்டக்களப்புத் தமிழிலும் எல்ஃப் யாழ்ப்பாணத்துத் தமிழிலும் வாய்த்தர்க்கம் பண்ணினால் நான் சந்தா கட்டிப் பார்ப்பேன். அதுவரை ஆங்கிலம்.

பதினேழு வயது வாசகன், மட்டக்குளி: 'வீல் ஒஃப் டைம்' தொடர் பாதியில் நின்றுவிட்டதால் புத்தகம் தொடங்கலாமா? வாங்கக் காசில்லை.

தாராளமாகத் தொடங்கலாம். அலுவலக முகவரிக்கு எழுதுங்கள், என்னுடையதை ஒவ்வொன்றாகத் தருகிறேன். ஏழாம் தொகுதியின் ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை. நான்காவதுதான் இல்லை. கண்ணாடித் தூண்கள் வருகிற அதே தொகுதி. 2004 இல் ஒரு நண்பர் ஒரு கிழமைக்கு என்று இரவல் வாங்கிப் போனார். அவர் இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர் என்று எனக்குத் தெரியும்.