'பிராடிஜி' என்று யாரைச் சொல்லலாம்? ஆங்கில வாத்தியார் அண்ணாச்சியின் பதில்கள்

கேள்வி (தென்காசி): அண்ணாச்சி, என் மகளுக்கு ஆறு வயது. நூறு குறள் சொல்கிறாள். ஆண்டுவிழா பேனரில் 'சைல்டு பிராடிஜி' என்று போடப் போகிறார்கள். சரியா?

பதில்: பிள்ளைக்கு என் வாழ்த்து. பேனரை மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் போதாது. பத்து வயதுக்குள் அல்லது அதையொட்டி ஒரு துறையில் தேர்ந்த பெரியவர்களுக்குச் சமமாகச் செய்துகாட்டினால்தான் பிராடிஜி என்பது ஆய்வாளர்கள் வழக்கமாக வைக்கும் அளவுகோல். செஸ், இசை, கணக்கு இவற்றில்தான் அப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகம். அங்கே உலக அனுபவம் அவ்வளவாகத் தேவைப்படாது. பிரக்ஞானந்தா 2016-இல், 10 வயதில், இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அவருக்கு அந்தச் சொல் பொருந்தும். உங்கள் மகளுக்கு 'கிஃப்டட்' போடுங்கள், அதுவும் பெரிய மதிப்புதான்.

கேள்வி (எட்டயபுரம்): எங்கள் ஊர் பாரதி பிராடிஜியா, ஜீனியஸா?

பதில்: 11 வயதில் எட்டயபுரம் அவையில் 'பாரதி' பட்டம் வாங்கிய சுப்பையா, பிராடிஜி. பாஞ்சாலி சபதம் எழுதியவர் ஜீனியஸ். முந்தையது வயதைப் பார்த்துச் சொல்வது. பிந்தையதற்கு வயது கணக்கில்லை. முப்பது வயதுக்காரரைப் பற்றி எழுதும்போது 'ஃபார்மர் (முன்னாள்) சைல்டு பிராடிஜி' என்பார்கள்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம்): ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூரில் கந்தர் கலிவெண்பா பாடினாரே குமரகுருபரர், அவரை?

பதில்: முருகன் அருள் என்பார்கள் நம் ஆட்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தச் சொல்லின் மூலம் 'ப்ரோடிகியம்' என்ற லத்தீன் சொல். தெய்வம் காட்டும் குறி என்று பொருள். வானத்திலிருந்து கல் விழுந்தால் ரோமர்கள் அதை எழுதிவைத்துப் பரிகாரம் செய்வார்கள். ஆங்கிலத்திலும் முதலில் சகுனம், அதிசயம் என்றுதான் இருந்தது. அசாத்தியத் திறமையுள்ள பிள்ளை என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. குமரகுருபரரும் அதே நூற்றாண்டுக்காரர். அந்தப் பழைய பொருளில் என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்): சார், பிராடிஜியஸ், பிராடிகல் இரண்டும் இதே குடும்பமா?

பதில்: பிராடிஜியஸ் ஆமாம். மலைக்க வைக்கும் அளவு என்று பொருள், வயது வரம்பு கிடையாது. டவுனில் அரைக் கிலோ அல்வாவை நின்றபடியே முடிக்கிறவருக்கு 'பிராடிஜியஸ் ஆப்பிடைட்'. பிராடிகல் வேறு வேர், ஊதாரி என்று பொருள். பைபிளில் வரும் கெட்ட குமாரன்தான் 'பிராடிகல் சன்'. ஒரு பரிசளிப்பு விழாவில் தலைமை விருந்தினர் முதல் மாணவனை அப்படிப் புகழ்ந்ததைக் கேட்டிருக்கிறேன். கிறிஸ்தவப் பள்ளிகள் நிறைந்த பாளையங்கோட்டையில் அதைச் சொன்னால் முன்வரிசைக்குப் புரியாமலா இருக்கும்?

கேள்வி (கோவில்பட்டி): 'ஹி இஸ் வெரி பிராடிஜி' சரியா? பயோடேட்டாவில் போடலாமா?

பதில்: தப்பு. அது பெயர்ச்சொல், 'எ பிராடிஜி' என்றுதான் வரும். அப்புறம், வேலை தேடுகிற வயதில் அது எதற்கு?